கிட்டங்கி மைதானத்தில் இந்த வருஷமும் பாடினோம், மைனி

என் பாசமான செலின் மைனிக்கு,

கச்சேரி நடந்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். யார் எந்தக் கதையை ஆரம்பித்தாலும், "ஏளா, கடைசியில என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லு, பொறவு நிம்மதியாக் கேக்கேன்" என்பீர்களே, அதற்காகத்தான். நடந்தது. வெட்டவெளியில் நடந்தது. புயல் கூண்டை இறக்கிய அன்றைக்கே நடந்தது. ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. இனி நிம்மதியாகக் கேளுங்கள்.

இந்தக் கடுதாசியை நம் கோயிலின் பங்கு மலரில் போடப் போவதாகப் பங்குச் சாமியார் சொல்கிறார். ஊரே படிக்கும். படிக்கட்டுமே. உங்களைப் பற்றி ஊருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? புதிதாக வந்த இரண்டொரு பேருக்காகக் கொஞ்சம் பழைய கதையும் சொல்லிக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாசரேத்திலிருந்து எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் தூத்துக்குடிக்கு வந்தபோது எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. வேறு சபைப் பெண். மீன் ஆயத் தெரியாதவள். போதாததற்குப் பாட்டு டீச்சர். எங்கள் அம்மா குசினிக்குள் நின்றபடி, "சோறு பொங்க வந்தாளா, பாட்டுப் படிக்க வந்தாளா?" என்று உங்கள் காதில் விழும்படியே கேட்டாள். நீங்கள் கோபப்படவில்லை. அடுத்த வருஷமே அந்த அம்மாவை முதல் வரிசையில் நிறுத்திப் பாட வைத்தீர்கள்.

நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த நாலு குரல் பாட்டு எங்களுக்குப் புதுசு. நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் பாடி, யார் சத்தம் பெரிது என்று போட்டி போடுகிறவர்கள். "உங்க குரலை மட்டும் கேக்காதீங்க, பக்கத்துல நிக்கிறவங்க குரலையும் கேளுங்க" என்று நீங்கள் சொல்லிச் சொல்லி அலுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அலுத்தாலும் விடவில்லை. வலை இழுக்கும்போது எங்கள் ஆம்பிளைகள் பாடும் அம்பாப் பாட்டைக்கூட நாலு குரலாகப் பிரித்து எங்கள் பெண்களைப் பாட வைத்தீர்கள். "இது கடலுக்குள்ள பாடுற பாட்டுல்லா, மேடையில பாடலாமா?" என்று கிழவர்கள் முறைத்தார்கள். பாடிக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டார்கள்.

முதல் வருஷக் கச்சேரி பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பாடுகிறவர்களுக்குப் பாதுகாவலி புனித செசிலியம்மாள். கச்சேரி அவள் திருநாளில், அந்தத் திருநாளோ அடைமழைக் காலத்தில்தான் வருகிறது. நாம் என்ன செய்ய? உள்ளே நாற்காலி நிறைய ஆட்கள். வெளியே ஜன்னலோரமாக, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் வீட்டுப் பெண்களும் உப்பளத்துப் பெண்களும் நனைந்துகொண்டு நின்றார்கள். நீங்கள் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அவங்க ஏன் வெளிய நிக்கிறாங்க?" என்று கேட்டீர்கள். "உள்ள வர வெக்கப்படுதாவ டீச்சர்" என்றார் ஒருவர். அவ்வளவுதான். மறு வருஷம் கச்சேரி கடற்கரைக்குப் போய்விட்டது. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு முன்னால் இருக்கும் அந்த வெறும் மைதானத்துக்கு.

பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும், நாங்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றோம்.

அண்ணன், உங்கள் பாட்டுக்கெல்லாம் தான் வாசித்த ஆர்மோனியத்தை உங்கள் பச்சைச் சேலை ஒன்றால் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். துறைமுக ஆபீசுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. கோயிலில் பாட்டு ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். உங்களோடு பேசுகிற பேச்சையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை, மைனி.

ஆவணியில் நம் பாட்டுக்காரப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் மரியரோஸ். நம் தண்டல் சவரிமுத்துவின் பெண்சாதி. தோணியை நடத்துகிற தண்டலுக்குப் பெண்சாதி என்றால் பாதி நாள் வாசலைப் பார்த்தபடி இருக்கவேண்டும், அவளோ பாதி நாள் நம் வீட்டில் பாடிக்கொண்டிருந்தவள். "ரெஜி, இந்த வருஷம் கச்சேரி உண்டா, இல்லையா?" என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னை ஏன் பார்க்க வேண்டும்? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லுகிறவள் நான். பாட வராது. ஆனால் ஒருத்தரைப் பிடித்து இன்னொருத்தரோடு இணைக்கத் தெரியும், லைன் அறுந்தால் மறுபடி போடத் தெரியும். "உண்டு" என்று சொல்லிவிட்டேன். பாட்டுப் பழக்கத்தை மரியரோஸ் பார்த்துக்கொண்டாள், மற்றதையெல்லாம் நான் எடுத்துக்கொண்டேன்.

வானம்தான் எங்கள் பக்கம் இல்லை. கார்த்திகை பிறந்ததிலிருந்து விடாத மழை. மைதானம் குளமாகிவிட்டது. திருநாளுக்கு முந்தின நாள் காலையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். தோணிகள் எல்லாம் நங்கூரம் போட்டுக் கிடந்தன. வள்ளங்களைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் உடன்குடி அண்ணாச்சியின் கடையில் கூடினோம். கருப்பட்டிச் சிப்பத்துக்கு மேல் உட்கார்ந்துதானே நம் கமிட்டி எப்போதும் நடக்கும். அண்ணாச்சி திருச்செந்தூர் முருகனுக்கு மாலை போட்டிருந்தார், நெற்றி நிறைய திருநீறு. "தாயி, மானம் பொத்துக்கிட்டு ஊத்துது. மைக் செட்டுக்காரன் வர மாட்டேங்கான். ஒரு வாரம் தள்ளி வச்சா என்ன?" என்றார்.

சாமியார் இங்கே புதிதாக வந்தவர், நல்லவர். "மண்டபம் சும்மாதானே இருக்கு ரெஜினா? அங்கேயே வச்சிரலாமே" என்றார்.

"சாமி, மண்டபத்துல வச்சா மண்டபத்து ஆள்தான் வருவாவ" என்றேன்.

"மழையில வச்சா யாருமே வர மாட்டாங்களே?"

இன்னொரு சங்கதியும் என் மனசில் கிடந்தது, அதை அங்கே நான் எடுக்கவில்லை. சவரிமுத்து அண்ணனின் தோணி கொழும்பிலிருந்து கிளம்பிவிட்டது என்று தகவல். ஆனால் வந்து சேரவில்லை. மற்றத் தோணிகள் புயலுக்கு முன்னால் திரும்பிவிட்டன, அது மட்டும் இல்லை. அந்த நிலையில் அவர் பெண்சாதியை மேடையில் நிறுத்திப் பாடு என்று சொல்வது எப்படி? "காலையில சொல்லுதேன்" என்று எழுந்துவிட்டேன். கச்சேரி வேண்டாம் என்று உள்ளுக்குள் முடிவு செய்துகொண்டு நேரே மரியரோஸ் வீட்டுக்குப் போனேன்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் செபமாலை சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மரியரோஸ் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"நாளைக்கு வேண்டாம்னு நினைக்கேன், மரியரோஸ்" என்றேன்.

"யாருக்காக?"

"உனக்காகத்தான்."

சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்காக நிறுத்தாத ரெஜி. நிறுத்தினா ஊருல என்ன நினைப்பாவ? தோணி போயிட்டுன்னு நினைப்பாவ. எம் மாப்பிள்ள வாரதுக்குள்ள நீங்களே அவரை அடக்கம் பண்ணிராதீங்க."

சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.

"சும்மா இருந்தா எனக்குக் காத்துச் சத்தம் மட்டுந்தான் கேக்கும். நாளைக்கு நான் பாடணும். எங்க வேணும்னாலும் வை, நான் வாரேன்."

மைனி, அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் மீனைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கச்சேரி நடக்கும் என்று என் கால்களுக்கே தெரிந்திருந்தது, அவ்வளவு வேகமாக நடந்து வந்தேன்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சோற்றைப் பிசைந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சுவருக்குச் சொல்வது போலத்தான் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு வந்தவர், துண்டில் துடைத்தபடி நின்றார்.

"புயல் வடக்க போகுது. ஆபீஸ்ல பேசிக்கிட்டாவ. காலையில கூண்டை இறக்கிருவாவ. மத்தியானம் காத்து கொஞ்சம் தணியும். பொழுது சாஞ்சா மறுபடியும் மழை வரும்."

துண்டைக் கொடியில் போட்டார்.

"ஆறு மணிக்கு வைக்காத. மூணு மணிக்கு வை. கூண்டை இறக்கலைன்னா விட்டுரு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

பங்குனிக்கு அப்புறம் அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தை ஒன்றாக வந்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, வேலை இருந்ததே.

விடிந்ததும் முதல் காரியம், துறைமுகத்தைப் பார்க்கப் போனேன். கூண்டு இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் பிடிக்க முடியவில்லை. மைக் செட்டுக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பினேன். அண்ணாச்சியிடம், "நேரம் மாறினது ஊருக்குத் தெரியணும், அது உங்க பொறுப்பு" என்று சொன்னேன். அண்ணாச்சி ஆள் அனுப்புவார் என்று நினைத்தேன். மனுஷர் தானே சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேல் குடை, முன்னால் குழாய் ஸ்பீக்கர், கையில் மைக்.

"பெரியோர்களே, தாய்மார்களே! ஆறு மணிக் கச்சேரி மூணு மணிக்கு! குடை இருக்கவுக குடையோட வாங்க, இல்லாதவுக பக்கத்து வீட்டுக்காரவுகளோட வாங்க! சுக்குக் காப்பி உண்டு! காப்பிக்குக் கருப்பட்டி நம்ம கடையில இருந்து!"

தெருவெல்லாம் சிரிப்பு. நீங்கள் கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

மைதானத்துத் தண்ணீரை என்ன செய்வது என்று நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது உப்பளத்துப் பெண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். மழைக்காலத்தில் அவர்களுக்கு அளத்தில் வேலை கிடையாது. ஒருத்தரை ஒருத்தர் கேலி பேசிக்கொண்டே கடலைப் பார்த்து வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். நான் எக்ஸ்சேஞ்சில் லீவு சொல்லிவிட்டுத் திரும்பி வருவதற்குள் தண்ணீர் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. மணல் தெரிந்த இடமெல்லாம் கிட்டங்கியில் கேட்டு வாங்கிய கோணிச் சாக்கை விரித்தோம்.

மேடைக்கு மேலே கூரை? பந்தல் போட்டால் முதல் காற்றுக்கே பறந்துவிடும். தோணிக்காரர்கள் கரையில் சும்மா இருந்தார்கள் அல்லவா, அவர்கள் ஒரு பெரிய தோணிப் பாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். காற்று வரும் பக்கம் தாழ்வாகவும் மறுபக்கம் உயரமாகவும் சாய்த்துக் கட்டினார்கள்.

"இது நிக்குமா?" என்று கேட்டேன்.

"கயித்தை நாங்க பிடிச்சுக்கிடுதோம், நீங்க பாட்டைப் பிடிங்க" என்றார் ஒருவர்.

மூன்று மணி நெருங்க நெருங்க ஆட்கள் வந்தார்கள், மைனி. குடையோடு, பனையோலையோடு, தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு. கடலுக்குப் போக முடியாதவர்கள், கப்பல் வேலை நின்றுபோனவர்கள், நாலு நாளாக வீட்டுக்குள் அடைந்து கிடந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சலித்தவர்கள். எல்லாருக்கும் வெளியே வர ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. சாமியார் வேட்டி நுனியை… இல்லை, அங்கியின் நுனியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி சேற்றில் நடந்து வந்தார். என்னைப் பார்த்து, "நீ சொன்னதுதான் சரி" என்று சத்தமாகவே சொன்னார்.

பெண்கள் வரிசையாக நின்றார்கள். மரியரோஸ் நீலச் சேலை கட்டி, தலையை வாரி முடித்து, இரண்டாம் குரலுக்கு நடுவில் நின்றாள். ஆர்மோனியம் இல்லாமலேதான் பழகியிருந்தார்கள். ஆரம்பிக்கலாம் என்று கையைத் தூக்கப் போன மரியரோஸ் நிறுத்திவிட்டாள். மைதானத்தின் ஓரமாக அண்ணன் வந்துகொண்டிருந்தார். தோளில் ஆர்மோனியம். பச்சைச் சேலைக்கு மேல் தன் மழைக்கோட்டைச் சுற்றியிருந்தார், அவர் மட்டும் தெப்பமாக நனைந்திருந்தார்.

பெண்கள் விலகி இடம் விட்டார்கள். கட்டை அவிழ்த்து, சேலையை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சுருதியைப் பிடித்தார்.

முதல் நாலு பாட்டும் நல்லபடியாகப் போயின. தூறல்தான். காற்றும் அண்ணன் சொன்னபடி தணிந்திருந்தது. எனக்குத் தைரியம் வந்து, அண்ணாச்சியிடம் காப்பியை எப்போது கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. பாய் வயிறு போல உப்பியது. மைக் கரகரத்து நின்றுபோனது. மின்சாரம் போய்விட்டது. மழை சாய்வாக அடித்தது. பின்வரிசைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.

நான் மேடைக்கு ஓடினேன். "போதும், முடிச்சிரலாம்" என்று சொல்லத்தான் ஓடினேன். மரியரோஸ் என்னைப் பார்க்கவே இல்லை. மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் வந்தாள். மற்றப் பெண்களும் பின்னால் இறங்கினார்கள். ஆட்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அம்பாப் பாட்டை எடுத்தாள்.

முதலில் அவள் குரல் மட்டும்தான். பிறகு மற்ற மூன்று குரல்களும் வந்தன. எழுந்து நின்றவர்கள் போகவில்லை, கேட்பதற்காகக் கிட்டே வந்தார்கள். அப்போது ஒன்று நடந்தது, மைனி. கயிற்றைப் பிடித்திருந்த தோணிக்காரர்கள் பாட்டுக்குப் பதில் குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் பாட்டுத்தானே அது. பெண்கள் ஓர் அடியைப் பாட, ஆண்கள் "ஏலேலோ" என்று சேர்ந்து கயிற்றை இழுக்க, உப்பிய பாய் அந்தத் தாளத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. காற்று ஓங்கினால் அவர்கள் சத்தமும் ஓங்கியது. மூட்டை தூக்குகிறவர்கள் ஓடிப்போய்க் கயிற்றில் கை கொடுத்தார்கள். மாலை போட்டிருந்த அண்ணாச்சியும் ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். பயந்து எழுந்த கூட்டம் அத்தனையும் பாடிக்கொண்டிருந்தது. மைக் இருந்திருந்தால் இந்தச் சத்தம் வந்திருக்குமா?

அந்தக் காற்று வெகுநேரம் நிற்கவில்லை. அது போன பிறகும் பாட்டை யாரும் விடவில்லை. மறுபடி முதலிலிருந்து பாடினார்கள். அண்ணன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். முகத்தில் வழிந்தது மழையா வேறென்னவா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும் சுக்குக் காப்பி. எல்லாரும் அந்தப் பாய்க்கடியில் இடித்துக்கொண்டு நின்று குடித்தோம். நாற்காலிக்காரர், தரைக்காரர் என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லவில்லை, எல்லாரும் ஒரே அளவுக்கு நனைந்திருந்தோம்.

தோணி அன்றைக்கு வரவில்லை. கச்சேரி முடிந்து மரியரோஸ் சேலையைப் பிழிந்துகொண்டு கடலைப் பார்த்தாள். "சரி, போவோம்" என்றாள். இரண்டு பெண்கள் அவளுக்குத் துணைக்குப் படுக்கப் போனார்கள்.

மறுநாள் நான் வேலையில் இருந்தபோது கீழக்கரையிலிருந்து டிரங்க் கால் வந்தது. லைனில் இரைச்சல். தோணி முதலாளியின் ஆபீஸ் நம்பரைக் கேட்ட அந்தக் குரலை இரண்டாவது வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

"சவரிமுத்து அண்ணனா?"

"யாரு, ரெஜியா? ஆமளா, நான்தான். பாய்மரம் முறிஞ்சு போச்சு. இங்கன ஒதுங்கிக் கெடக்கோம். ஆளுவ எல்லாரும் சொகம். வீட்டுல சொல்லிரு."

லைனைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் என் போர்டைப் பார்க்கச் சொல்லி ஓடினேன். மழையில் செருப்பு ஒன்று எங்கோ கழன்றுவிட்டது. மரியரோஸ் வாசலிலேயே நின்றாள். என் முகத்தைப் பார்த்ததுமே அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாள் அத்தனை பேருக்கு நடுவில் அசையாமல் நின்று பாடியவள் அப்போதுதான் அழுதாள். நானும் கூடவே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதது எவ்வளவு நாளுக்கு அப்புறம்!

வேறு சேதிகளும் இருக்கின்றன. அண்ணன் வியாழக்கிழமை தோறும் பழக்கத்துக்கு வருகிறார். நேற்று முதலாம் குரல்காரிகளைத் திட்டினார், எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். புதுத் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் கிறிஸ்மஸுக்குத் தங்கள் குடியிருப்பில் வந்து பாடச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அங்கே மண்டபம் எதுவும் இல்லையே என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார்கள். நல்லதாய்ப் போயிற்று என்றேன்.

கடைசியாக ஒன்று, மைனி. கூட்டமெல்லாம் பாடியபோது என் வாயும் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் உப்பளத்துப் பெண் என்னை இடித்து, "யக்கா, நீங்களும் படிப்பீயளா!" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், ஊரார் சாட்சியாக. ஆள் கூட்டுகிற வேலை எப்போதும் என்னுடையதுதான், அதை யாருக்கும் தர மாட்டேன். ஆனால் வருகிற வியாழக்கிழமை முதல் நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். மூன்றாம் குரலில், கடைசி ஆளாக நிற்பேன். அண்ணன் திட்டட்டும். அடுத்த கார்த்திகையில் வெயில் அடித்தாலும் புயல் அடித்தாலும் அந்தக் கூட்டத்தில் என் குரலும் இருக்கும். கொஞ்சம் பிசிறடிக்கும். கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

என்றும் உங்கள் பிரியமுள்ள நாத்தனார்,
ரெஜி